இரண்டு மாத வாடிக்கையாளர்

"கம்பெனி எங்கீங்க ஐயா?" என்று கேட்டேன். பதிவுச் சான்றிதழைத்தான் அப்படிக் கேட்பது என் வழக்கம். பெரியவர் மஞ்சள் பைக்குள் கையை விட்டு, கனத்த இரும்புக் கருவி ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தார். கண்ணாடி டொக்கென்றது.

"இதாங் கம்பெனி" என்றார்.

அது பொது முத்திரை. பிடியை அழுத்தினால் மையில்லாமலே தாளில் எழுத்துகள் புடைத்து நிற்கும். அப்போது, 2013இல், கம்பெனி என்றால் அது கட்டாயம். 2015இல் சட்டத்தைத் திருத்தி, விருப்பமிருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள். இன்றைக்குக் கம்பெனி தொடங்குகிற பிள்ளைகளிடம் காட்டினால் பாக்குவெட்டியா என்று கேட்பார்கள். எனக்கென்னவோ அந்த இரும்பு போனதில் கொஞ்சம் வருத்தம்தான். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆளுக்குக் கையால் தூக்கிப் பார்க்கிற மாதிரி இருந்த உடம்பு அது ஒன்றுதான்.

பெரியவருக்குத் திருப்பூரில் சாயப்பட்டறை. முப்பது வருஷம் பார்ட்னர்ஷிப்பாக ஓடியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் ஊரிலிருந்த சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது அவருடையதும் மூடிக் கிடந்தது. மறுபடி ஓட்டத் தொடங்கியதும் ஆடிட்டர் யோசனை சொல்லியிருக்கிறார்: பார்ட்னர்ஷிப்பில் கடன் என்று வந்தால் வீடு, தோட்டம் எல்லாம் பதில் சொல்ல வேண்டும், லிமிடெட் கம்பெனியில் போட்ட முதலோடு போய்விடும். (பிறகு அவர்கள் கடன் கேட்டு வந்தபோது எங்கள் வங்கியே குடும்பத்தார் எல்லோரிடமும் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து வாங்கிக்கொண்டது வேறு கதை.) பெரியவர், பெரிய மகன், சின்ன மகன் என்று மூன்று டைரக்டர்கள். குலதெய்வத்தின் பெயர், அதன் வாலில் 'பிரைவேட் லிமிடெட்'.

நான் 1984இல் குமாஸ்தாவாகச் சேர்ந்து 2020இல் ஓய்வு பெற்றவன். பொள்ளாச்சி, ஈரோடு, திருப்பூர், கோவை என்று மேற்கிலேயே சுற்றினேன். கடன் கொடுத்த அதிகாரிகளிடம் கதைகள் நிறைய இருக்கும். கணக்குத் தொடங்கிக் கொடுத்தவனிடம் என்ன இருக்கப்போகிறது என்று என் சகாக்களே நினைத்தார்கள். படிவம், கையெழுத்து, சீல், முடிந்தது. சேமிப்புக் கணக்குக்கு அது சரி. கம்பெனியின் நடப்புக் கணக்கு அப்படியல்ல. அங்கேதான் ஒரு முதலாளி வாழ்க்கையில் முதல் தடவையாக 'இது உங்க காசு இல்லை' என்று ஒரு வெளியாள் சொல்லிக் கேட்கிறார்.

கோப்பைப் பிரித்தால் நான் முதலில் பார்ப்பது எண்களை. கம்பெனியின் பதிவு எண்ணில் 21 எழுத்துகள். முதலெழுத்து 'எல்' என்றால் பங்குச் சந்தையில் இருப்பது, 'யூ' என்றால் இல்லாதது. பிறகு தொழிலைச் சொல்லும் ஐந்து இலக்கம், மாநிலம், பிறந்த வருஷம், பிரைவேட்டா பப்ளிக்கா என்பது, கடைசியில் ஆறு இலக்க வரிசை எண். தமிழ்நாடு என்றால் 'டிஎன்' என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கோவைப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவானவற்றுக்கு 'டிஇசட்'. இது தெரியாமல், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் போலிச் சான்றிதழ் என்று ஒரு கோப்பையே பூட்டி வைத்திருந்தார். பான் அட்டையில் நான்காவது எழுத்தைப் பார்ப்பேன். 'பி' தனியாள், 'எஃப்' பார்ட்னர்ஷிப், 'சி' கம்பெனி. பெரியவர் முதல் நாள் கொண்டுவந்ததில் இருந்தது 'எஃப்'.

"பழைய பான் தானுங். அதே ஆளுங்கதானே?"

"அதே ஆளுங்கதான். ஆனா இவரு வேற ஆளுங்க ஐயா."

"எவருங்?"

முத்திரையைக் காட்டினேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

'வேற ஆள்' என்பதை நான் கற்றுக்கொண்டது முதலில் புத்தகத்தில், பிறகு மெமோவில். வங்கித் தேர்வுக்குப் படித்தபோது சாலமன் வழக்கு வரும். லண்டனில் தோல் செருப்பு, பூட்ஸ் செய்த ஒருவர், மனைவி மக்கள் ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்து, 20,007 பங்குகளில் 20,001ஐத் தானே வைத்துக்கொண்டு கம்பெனி நடத்தினார். அப்படி இருந்தும் அவர் வேறு, கம்பெனி வேறு என்று 1896இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. திருப்பூரில் வந்து பார்த்தால் வீட்டுக்கு வீடு சாலமன்கள்தான். தேர்வில் ஒப்பித்து எழுதிவிட்டேன். புரிந்தது பொள்ளாச்சியில்.

தேங்காய் நார்த் தொழில் கம்பெனி ஒன்றின் டைரக்டர், கம்பெனி பெயருக்கு வந்த செக் ஒன்றைத் தன் சேமிப்புக் கணக்கில் போடச் சொன்னார். கிளையின் பெரிய டெபாசிட்காரர். 'எல்லாம் நம்ம கம்பெனிதானே' என்றார். பின்பக்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து, இன்னொரு டைரக்டரான அவருடைய தம்பி வக்கீலோடு வந்தார். 1924இல் அண்டர்வுட் வழக்கில், ஏறக்குறைய தனியொருவருக்கே சொந்தமான கம்பெனியின் செக்கை அவருடைய சொந்தக் கணக்கில் வரவு வைத்ததற்கே லிவர்ப்பூல் வங்கி மாட்டிக்கொண்டது என்று அந்த வக்கீல்தான் எனக்குச் சொன்னார். அண்ணன் தம்பி சமாதானமானதால் தப்பினேன். மெமோ மட்டும் என் பணிப்பதிவேட்டில் தங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் கணக்குத் தொடங்க அறிமுகக் கையெழுத்து வேண்டும். ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர், இவரை எனக்குத் தெரியும் என்று போட வேண்டும். வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடக் கூடாது. 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 131ஆம் பிரிவு, செக் வசூலிக்கும் வங்கிக்குக் கொஞ்சம் பாதுகாப்புத் தருகிறது, அசட்டை இல்லாமல் நடந்துகொண்டால். விசாரிக்காமல் கணக்குத் தொடங்குவதே அசட்டை என்று நீதிமன்றங்கள் சொல்லிவைத்திருந்தன. 2002இலிருந்து ரிசர்வ் வங்கியின் 'வாடிக்கையாளரை அறிந்துகொள்' விதிகள் வந்து, ஆளுக்குப் பதில் ஆவணம் சாட்சியானது. அறிமுகக் கையெழுத்து போட்டவர்களில் பாதிப் பேர் அந்த ஆளை அன்றுதான் பார்த்திருப்பார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

பெரியவரின் கம்பெனிக்கு 'சி' போட்ட பான் வர நாளானது. இன்று பதிவுச் சான்றிதழோடு சேர்ந்தே பான் வந்துவிடுகிறது. அன்று தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். பான் வந்தபோது ஆடி பிறந்திருந்தது. "ஆடி போவட்டுங்" என்றார். கம்பெனி பதிவானது ஆனியில். ஆவணி வரும்போது அதற்கு இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

அந்த இடைவெளியில் தீர்மானத்தைச் சரிசெய்தோம். கம்பெனி வாய்பேசாது, எழுதத்தான் செய்யும். டைரக்டர்கள் கூடி, இன்ன கிளையில் கணக்குத் தொடங்குவது, செக்கில் இன்னார் கையெழுத்துப் போடுவது என்று தீர்மானம் எழுதி, உண்மை நகல் என்று கையொப்பமிட்டுத் தர வேண்டும். ஆடிட்டர் ஆபீசில் தயாராகி வந்த நகலில், ஒரு வியாழக்கிழமை காலை 11 மணிக்குக் கூட்டம் நடந்ததாக இருந்தது. "நல்லாப் பேசினீங்களா?" என்று சின்ன மகனிடம் கேட்டேன். "அன்னிக்கு நாங்க எல்லாரும் காங்கேயத்துல ஒரு கல்யாணத்துல இருந்தோம்ங் சார்" என்றான், வெள்ளந்தியாக.

இதைக் காதில் வாங்காதது போல் இருந்துவிடுவதுதான் வழக்கம். கம்பெனிக்குள் கூட்டம் முறைப்படி நடந்ததா என்று வெளியாள் துருவ வேண்டியதில்லை என்பது 1856இல் டர்குவாண்ட் வழக்கிலேயே நிலைத்துவிட்ட விதி. அந்த வழக்கிலும் ஒரு பக்கம் நின்றது வங்கிதான். ஆனால் விதி காப்பாற்றுவது தெரியாதவனை. சின்னவன் சொல்லிவிட்ட பிறகு நான் தெரியாதவன் அல்ல. "இன்னிக்கு மூணு பேரும் இருக்கீங்களே, இப்பவே கூடிப் பேசிப் புதுசா எழுதிக் கொடுத்துடுங்க" என்றேன். எழுதப் போனார்கள், சண்டை வந்தது.

பழைய நகலில் 'யாராவது இரு டைரக்டர்கள் கூட்டாக' என்று இருந்தது. அதைத் தமிழில் விளக்கிச் சொல்லித் தொலைத்தேன்.

"அப்போ பசங்க ரெண்டு பேரும் போட்டாங்கன்னா எங்கையெழுத்து இல்லாமயே பணம் போயிருமுங்களா?"

"போயிடுங்க."

"நான் போடோணும்னா இவனுங்கள்ல ஒருத்தன் கூடப் போடோணுமா?"

"ஆமாங்க."

பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். பெரிய மகன் பின்னால் ஓடினான். வாசலில் அரை மணி நேரம் நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவு வழியே கைகள் மட்டும் தெரிந்தன. திரும்பி வந்து, பெரியவர் தனியாகப் போடலாம், அல்லது மகன்கள் இருவரும் சேர்ந்து போடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் பார்த்த இயக்குநர் குழுக் கூட்டங்களில் உண்மையாகவே நடந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"நாமினி யாரு போடறதுங்?" என்றார் போகும்போது.

"கம்பெனிக்கு நாமினி கிடையாதுங்க ஐயா."

"ஏனுங்?"

"அதுக்குச் சாவு இல்லைங்க. நீங்க, நான் எல்லாம் போனாலும் அது இருக்கும்."

அதைக் கேட்டு முதல் தடவையாக முகம் மலர்ந்தார்.

இடத்தைப் பார்க்கப் போனேன். அதுவும் என் வேலை. கம்பெனியின் பெயர் அலுவலக வாசலில் உள்ளூர் மொழியிலும் எழுதியிருக்க வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. புதிய சட்டத்திலும் இருக்கிறது. வாசலில் பழைய பார்ட்னர்ஷிப் பலகைதான் தொங்கியது. தமிழில் எழுதிய புதுப் பலகை உள்ளே, சுவரைப் பார்த்தபடி சாய்ந்து நின்றது. அதுவும் ஆவணிக்குக் காத்திருந்தது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். பத்து மணிக்குக் கதவு திறந்ததும் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். வெற்றிலைத் தட்டு, மாம்பழம், மருமகள்கள் இரண்டு பேர், பேரன் ஒருவன். "பத்தரைக்குள்ள நம்பர் விழுந்துரோணுமுங்" என்றார் பெரியவர். கணினியில் முதலில் வாடிக்கையாளரை உருவாக்க வேண்டும், பிறகுதான் கணக்கு. அவசரத்தில், கம்பெனி என்ற வகையைத் தேர்ந்தெடுக்காமல் தனிநபர் வகையிலேயே உள்ளே போய்விட்டேன். பெயர் போட்டேன். பிறந்த தேதி கேட்டது. பதிவான தேதியைப் போட்டேன். திரை சிவந்தது. வாடிக்கையாளர் மைனர், கார்டியன் பெயரும் உறவுமுறையும் தருக என்று நின்றுவிட்டது.

மணி பத்து இருபது. எனக்குத் தவறு எங்கே என்று உடனே பிடிபடவில்லை. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த சின்னவன், "அப்பா, கம்பெனிக்குக் கார்டியன் யாருன்னு கேக்குதுங்" என்றான்.

"எம் பேரைப் போடுங்" என்றார் பெரியவர். "நாந்தானே."

கிளை மொத்தமும் சிரித்தது. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முதல் நாளிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருந்ததை அந்தக் கணத்தில் அவர் ஒருவழியாக ஏற்றுக்கொண்டிருந்தார்: இது வேறு ஆள், சின்னப் பிள்ளை, தன் பொறுப்பில் இருக்கிறது. சட்டத்தில் டைரக்டரை அறங்காவலருக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவார்கள். கார்டியன் என்ற சொல் அதற்கு அவ்வளவு தூரமில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏறினேன். மேலாளரின் ஒப்புதல் விழுந்தபோது மணி பத்து இருபத்தெட்டு.

பிறகு பணம். அப்போது பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தபட்ச முதல் ஒரு லட்ச ரூபாய் என்று சட்டம் இருந்தது (அதையும் 2015இல் எடுத்துவிட்டார்கள்). பெரியவர் தட்டில் வைத்து நீட்டியது 1,00,001. மொட்டையாக லட்சம் கொடுக்கலாமா? வாங்கிக் கட்டிவிட்டேன். மறுநாள் ஆடிட்டரிடமிருந்து போன்: "சார், பங்கு மூலதனம் ஒரு லட்சம். அந்த ஒரு ரூபாய் யாருடையது?" மேலும், மூவரும் அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கிலிருந்து தருவதுதான் சுத்தம், ஒருவர் மொத்தமாக ரொக்கமாகக் கட்டினால் நாளைக்கு வருமான வரிக்காரருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். மூன்று செக்குகள் வாங்கி முறைப்படுத்தி, ரொக்கத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஒரு ரூபாயை மட்டும் அவர் வாங்க மறுத்துவிட்டார். சாமிக்காகப் போட்டதாம். அந்த ஒரு ரூபாய் 'டைரக்டர் தந்த கடன்' என்று அந்தக் கம்பெனியின் முதல் ஐந்தொகையில் ஏறியது.

கோவைக்கு வந்த பிறகு வேறு விதமான கம்பெனிகள். 2017 செப்டம்பரில், ஆண்டறிக்கை தாக்கல் செய்யாத இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளை அரசு பதிவேட்டிலிருந்து நீக்கி, அவற்றின் கணக்குகளை முடக்கச் சொன்னது. பட்டியலில் எங்கள் கிளையின் கணக்குகளும் இருந்தன. பெரும்பாலானவற்றில் பல வருஷமாக ஒரு வரவும் இல்லை. அழித்ததில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒன்றில் மட்டும் சம்பளத் தேதிக்கு இரண்டு நாள் முன்பு பணம் நின்றது. சாகாது என்று நான் பலரிடம் சொல்லிவந்த ஆள், அறிக்கை போடாவிட்டால் சாவான் என்று அப்போதுதான் சேர்த்துச் சொல்லத் தொடங்கினேன்.

2019 தொடக்கத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கல்லூரி முடித்த இருவர், ஒரு பெண், ஒரு பையன், மென்பொருள் கம்பெனிக்குக் கணக்குத் தொடங்க வந்தார்கள். அதற்குச் சில மாதம் முன்பு, 2018 நவம்பரில், சட்டத்தில் 10ஏ என்றொரு பிரிவு சேர்ந்திருந்தது. புதுக் கம்பெனி 180 நாளுக்குள் பங்குப் பணம் வந்துவிட்டது என்று உறுதிமொழி தாக்கல் செய்தால்தான் தொழில் தொடங்கலாம், கடன் வாங்கலாம். சுற்றறிக்கையை அரைகுறையாகப் படித்திருந்த நான், அந்தத் தாக்கல் ரசீதைக் கொண்டுவந்தால்தான் கணக்கு என்று கோப்பைத் திருப்பிவிட்டேன். அந்தப் பெண் பொறுமையாக, "சார், பணம் கம்பெனிக் கணக்குல வந்ததைக் காட்டினாத்தான் அதைத் தாக்கல் பண்ண முடியும். கணக்கே இல்லாம எங்க சார் காட்டறது?" என்றாள். விதி விதிதான் என்றேன். மூன்று தடவை நடக்கவிட்டேன். நான்காவது தடவை, பிரிவை அச்செடுத்து மஞ்சள் மையால் கோடு போட்டு மேசையில் வைத்தாள். கணக்குத் தொடங்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. அன்றே தொடங்கிக் கொடுத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். 180 நாளில் முப்பத்தைந்தை நான் தின்றிருந்தேன்.

2020 பிப்ரவரியிலிருந்து, கம்பெனியைப் பதிவு செய்யும் இணையப் படிவத்திலேயே எந்த வங்கி என்று தேர்ந்தெடுத்துவிட வேண்டும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் கணக்கு எண் வந்துவிட்டது, பணம் போட முடியவில்லை என்று வருகிறவர்களை என் கடைசி மாதங்களில் நிறையப் பார்த்தேன். எண் மட்டும்தான் வரும்; தீர்மானமும் கையெழுத்தும் கிளையில் பார்த்த பிறகுதான் கணக்கு உயிர் பெறும்.

பெரியவர் 2016 தையில் காலமானார். நான் இன்னும் திருப்பூரில்தான் இருந்தேன். மாலை போட்டுவிட்டு வந்தேன். காரியம் முடிவதற்குள் அவர் கையெழுத்திட்ட இரண்டு செக்குகள் ஒரே நாள் கிளியரிங்கில் வந்தன. ஒன்று கம்பெனிக் கணக்கின்மேல், பாய்லருக்கு விறகு போட்டவருக்கு. மற்றது அவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்கின்மேல், குலதெய்வக் கோயில் திருப்பணிக்கு. இரண்டிலும் அதே நீல மை, அதே இழுத்த கையெழுத்து. தனியாள் இறந்தது தெரிந்தால் அவர் செக்கை வங்கி கொடுக்கக் கூடாது. கம்பெனிக்காக அதிகாரத்தோடு கையெழுத்திட்ட டைரக்டர் இறந்தாலும் செக் நிற்கும், கொடுப்பது கம்பெனி. விறகுக்காரருக்குப் பணம் போனது. கோயில் செக்கைத் திருப்பும் சீட்டில், செக் கொடுத்தவர் காலமானார் என்ற காரணத்தைக் குறித்தேன்.

அடுத்த வாரம் சின்னவர் மொட்டைத் தலையோடு வந்தார். இறப்புச் சான்றிதழ், புதுத் தீர்மானம், கூடவே கோயிலில் கட்டிய ரசீது. அதே தொகை.

"கம்பெனிக் கணக்குலருந்து எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங் சார். எங்க சொந்தக் காசுங்."